கோராத் துணி

“ஓனரம்மா... மருதாச்சிக்குக் குளிராதா?”

கீர்த்தனா என்ற குழந்தை கேட்ட கேள்வி இது. அப்போது அவளுக்கு ஆறு வயது. பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று, மண்ணரையில் ஒரு சின்ன பனியன் கம்பெனியின் வாசலில் வைத்துக் கேட்டாள். சுற்றி நின்றவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை. அவள் அம்மா அவளை இழுத்து முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.

கரண்ட் வர இன்னும் நேரமாகும் என்கிறார்கள். ஜெனரேட்டரும் டீசல் இல்லாமல் கிடக்கிறது. மிஷின் சத்தம் நின்றதும் இந்தக் கூடம் எவ்வளவு பெரிதாகிவிட்டது பாருங்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். செக்கிங்கில் இருக்கிறாளே நம் நிர்மலா, அவளுடைய பெரியம்மாவுக்கு நடந்தது இது. பெயர் சாரதாமணி. பெரியம்மா நிர்மலாவிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

ராத்திரி மணி பதினொன்றே முக்கால். தாராபுரத்திலிருந்து குண்டடம் வழியாகத் திருப்பூர் வரும் ரோடு. கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் வெறும் காடு. தூரத்தில் காற்றாலைகள்... அவற்றின் உச்சியில் சிவப்பு விளக்குகள். எல்லாம் ஒன்றாக எரியும். எல்லாம் ஒன்றாக அணையும். எதிரே ஒரு வண்டி இல்லை.

ஒரே ஒரு கார். ஓட்டியவர் இசக்கிமுத்து. பக்கத்தில் அவர் மனைவி விஜயராணி. திருநெல்வேலிப் பக்கம் இருந்து சாரதாமணியின் கம்பெனிக்குப் பிழைக்க வந்தவர்கள். கீர்த்தனாவின் அப்பா, அம்மா. பின்சீட்டில் சாரதாமணி குறுக்காக உட்கார்ந்து இடது காலை நீட்டியிருந்தார். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வைத்தியர் போட்ட கட்டு. அழுகிய முட்டையும் வேப்பெண்ணெயும் ஆட்டுக் கொழுப்பும் கலந்த நாற்றம். கண்ணாடிகளை இறக்கிவிட்டும் அது போகவில்லை. நாக்கில் வந்து ஒட்டியது.

இந்த நாற்றத்தில் அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பதுதான் ஆச்சரியம். ஏனென்றால் சாரதாமணி அப்படிப்பட்டவர் இல்லை.

ஊத்துக்குளிப் பக்கம் காடு தோட்டம் உள்ள குடும்பம். கணவர் போன பிறகு தனி ஆளாக நின்று கம்பெனியை நடத்தினார்; கீழே கம்பெனி, மாடியில் வீடு. கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பார். ஆனால் அருவருப்பு அவருக்கு அதிகம். பஸ் கம்பியைக் கர்சீப் சுற்றித்தான் பிடிப்பார். இன்னொருவர் வாய் வைத்த டம்ளர் அலமாரியில் இருந்தால், அலமாரியையே கழுவச் சொல்வார்.

அதற்கு முந்தின ஆடியில் அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்றார் டாக்டர். கால்தான் கேட்கவில்லை. நனைந்த துணிமூட்டை மாதிரி கிடந்தது. அன்றிலிருந்து காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, இடையில் எப்போது கூப்பிட்டாலும் விஜயராணி வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போவாள். உட்கார வைப்பாள். கழுவி விடுவாள். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. சாரதாமணிதான் கண்ணை இறுக மூடிக்கொள்வார். தன் உடம்பையே அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

“முருகா, எனக்கு வேறொண்ணும் வேண்டாஞ் சாமி. ஒரு நாளைக்காச்சு நானே எந்திரிச்சுப் போயி, நானே கதவச் சாத்திக்கோணும்.”

அவர் கேட்டது அவ்வளவுதான். அதற்காகத்தான் தாராபுரம் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு தோட்டத்துச் சாளை வீட்டில் இருந்த ஆத்தப்பன் என்ற கட்டு வைத்தியரைத் தேடிப் போனார்.

ஆத்தப்பன் போனிலேயே சொல்லியிருந்தார்: “துணி நீங்கதான் கொண்டாரோணும் அம்மிணி. சாயம் ஏறாத கோராத் துணி. ஒருத்தரு உடம்பும் பட்டிருக்கக் கூடாதுங்க.”

“ஏனுங்க, பனியன் கம்பெனிக்காரிகிட்டத் துணியக் கேக்கறீங்களே” என்று சாரதாமணி அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார். இசக்கிமுத்துவிடம் சொன்னார். அவர் கீழே வேஸ்ட் குடோனுக்குப் போய், அலமாரி மேல் சுத்தமாகக் கட்டி வைத்திருந்த ஒரு வெள்ளை மூட்டையை எடுத்து வந்தார்.

அந்த மூட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், மருதாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மருதாள் அந்தக் குடோனில் இருந்தவள். கட்டிங் முடிந்து மிஞ்சும் துண்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரித்துப் போடுவது வேலை. சொந்தம் பந்தம் கிடையாது. ராத்திரியிலும் அங்கேயே, துணிக் குவியலின் மேலேயே படுத்துக்கொள்வாள். இடது கால் யானைக்கால். முழங்காலுக்குக் கீழே கருத்து, தடித்து, எப்போதும் நீர் வடியும் புண்ணோடு இருக்கும். வலது காலை ஊன்றி இடது காலை இழுப்பாள். தப்... சர்ர்ர். தப்... சர்ர்ர். அந்தச் சத்தம் படியில் கேட்டதுமே சாரதாமணியின் கை கர்சீப்பைத் தேடும். புகையிலையும் புளித்த கஞ்சியும் சேர்ந்தாற்போல ஒரு வாடை அவளுக்கு. “மேல வராதே மருதா. அங்கிருந்தே சொல்லு” என்பார். மருதாள் கீழேயே நின்று சொல்வாள். கீர்த்தனாவுக்கு மட்டும் அவள் மருதாச்சி. துண்டுத் துணியில் பொம்மை செய்து கொடுப்பாள்.

பொங்கலுக்குக் கம்பெனி அடைத்தார்கள். சாரதாமணி உட்பட எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து குடோன் ஷட்டரைத் தூக்கியபோது, வாடை தெரு முனை வரை போனது.

மருதாள் குவியலின் மேல் படுத்த நிலையில் இருந்தாள். இருந்தாள் என்று சொல்லக் கூடாது... பாதி துணிக்குள் இறங்கியிருந்தாள். ஈக்கள் எழுந்து, சுற்றி, மறுபடி உட்கார்ந்தன. ஆண்களே வாந்தி எடுத்தார்கள். விஜயராணிதான் முந்தானையை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய்க் குளிப்பாட்டினாள்.

இசக்கிமுத்து சக்கர நாற்காலியில் இருந்த சாரதாமணியிடம் வந்தார். “யக்கா, கோடித் துணி ஒண்ணு வேணும். அவுகளுக்குப் போட வேற ஆளு இல்ல.”

சாரதாமணி மூக்கிலிருந்து கர்சீப்பை எடுக்கவில்லை. “புதுசு எதுக்குங்கறேன்? மண்ணுக்குள்ள போறதுதானே. அங்க கெடக்கற துண்டுல நாலு எடுத்துப் போத்திக் கொண்டு போங்க. யாரு பார்க்கப் போறாங்க?” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அடியில கெடக்கற கோராத் துணி நல்லாயிருந்தா அலசி, மூட்ட கட்டி வைங்க. வீணாக்காதீங்க.”

இறந்தவர் படுத்த துணி இறந்தவரோடு போய்விட வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். பாய், தலையணை என்றால் யாராவது எடுத்து எறிந்திருப்பார்கள். ஆனால் பனியன் ஊரில் தரையில் கிடக்கும் துணி யார் கண்ணுக்கும் படுக்கையாகத் தெரிவதில்லை. சரக்காகத்தான் தெரியும். உள்ளங்கை அகலத் துண்டைக்கூட நாம் எறிய மாட்டோம். ஆகவே யாரோ ஒரு பையன் அதை அலசினான், காய வைத்தான், மூட்டை கட்டி அலமாரி மேல் வைத்தான். மூட்டை கட்டியவன் ஒருவன். சில மாதம் கழித்து, அது எந்த மூட்டை என்று தெரியாமல் எடுத்து வந்தவர் இன்னொருவர். கட்டி வைக்கச் சொன்ன சாரதாமணியும் அதை மறந்துவிட்டார்.

சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் துண்டுகள் போர்த்தி மருதாளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் விலகியது. வீங்கிய கால் வெளியே தெரிந்தது. அப்போதுதான் அந்தக் குழந்தை கேட்டாள், குளிராதா என்று.

சரி. காருக்கு வருவோம்.

சாளையில் ஆத்தப்பன் மூட்டையைப் பிரித்து, துணியை மூக்கருகே கொண்டுபோனார். “ஒருத்தரும் மேல போடாததுங்களா அம்மிணி?”

“இல்லீங்க. புதுசுங்க.”

ஆத்தப்பன் முட்டை வெள்ளையையும் உளுந்து மாவையும் கறுப்பு எண்ணெயில் குழைத்து, துணியை அதில் ஊறவைத்து, இடுப்பிலிருந்து சுற்றிக்கொண்டே வந்தார். கொழகொழவென்று தொடையில் இறங்கியபோது சாரதாமணி இரண்டு தடவை வாந்தி எடுத்தார். முடித்துவிட்டு வைத்தியர் கையை மூன்று முறை சாம்பல் போட்டுக் கழுவினார். காரில் ஏற்றும்போது கதவருகே குனிந்து சொன்னார்:

“காலுக்கு உசுரு வந்து ஒரு பக்கமா இழுத்துச்சுன்னா, இழுக்கற பக்கம் போயிருங்க. மறிக்காதீங்க.”

குண்டடம் தாண்டியது.

“ஏங்க, காரு ஓட்டுதீயளா, மாட்டு வண்டி ஓட்டுதீயளா?” என்றாள் விஜயராணி.

“சும்மா கெடட்டி. ரோடு வழுக்குது.”

“ரோடு வழுக்குதாம். ஒங்க கண்ணுல்லா வழுக்குது. தூங்கிராதீய.”

சொன்னவள்தான் அடுத்த நிமிஷம் தூங்கிப் போனாள். வாய் திறந்து, கல் மாதிரி.

பிறகு டயரில் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் மட்டும்...

முதலில் வாடைதான் மாறியது. முட்டை நாற்றத்துக்கு அடியில் இன்னொன்று. ஈரத் துணி. மிஷின் எண்ணெய். அப்புறம்... புகையிலை. புளித்த கஞ்சி. சாரதாமணி கர்சீப்பை எடுத்து மூக்கில் வைத்தார். வாடை கர்சீப்புக்கு உள்ளே இருந்தது.

“இசக்கி, நீ புகையில போட்டிருக்கறயா?”

“இல்லக்கா. நா எப்ப போட்டேன்?”

அந்த நேரத்தில் கட்டுக்கு வெளியே தெரிந்த கட்டைவிரல் அசைந்தது.

ஒன்பது மாதமாக அசையாத விரல். அவர் அசைக்கவில்லை. அது அசைந்தது. பிறகு பாதம் மெதுவாகத் திரும்பி, சீட்டிலிருந்து இறங்கி, தரை விரிப்பில் ஊன்றியது. இழுத்தது. மறுபடி ஊன்றியது. சர்ர்ர்... சர்ர்ர்... ரப்பர் விரிப்பில் நகம் உரசும் சத்தம்.

பயந்தாரா? இல்லை. அதுதான் வேடிக்கை. சந்தோஷத்தில் அழுதார். அழும்போதே அவருக்கு அவசரமாக வந்தது. வழக்கமான அவசரம். “கொஞ்சம் நிறுத்து கண்ணு” என்றார்.

இசக்கிமுத்துவுக்குப் புரிந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு, எப்போதும் செய்கிற மாதிரி, வண்டியைப் பார்க்காமல் முன்னால் நடந்து போய்த் திரும்பி நின்றுகொண்டார். சாரதாமணி விஜயராணியின் தோளைத் தட்டினார். எழவில்லை. உலுக்கினார். எழவில்லை.

கதவைத் திறந்தார். இடது கால் முதலில் இறங்கியது.

நின்றார். ஒரு அடி. இன்னொரு அடி. வேலிமுள் புதரின் பின்னால் போய், யார் கையும் படாமல், தானே உட்கார்ந்து, தானே எழுந்தார். நம்மைப் போன்றவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

காருக்குத் திரும்பினார். வலது கால் திரும்பியது.

இடது கால் திரும்பவில்லை.

அது எதிர்ப்பக்கம் போனது. திருப்பூர் இருக்கும் பக்கம், காட்டுக்குள் இறங்கிப் போன ஒரு மண் தடத்தில். தப்... சர்ர்ர். தப்... சர்ர்ர். அவர் நிற்கப் பார்த்தார். இடுப்பு முறிவது போல் இழுத்தது. கூப்பிடப் பார்த்தார். தொண்டையில் புகையிலைச் சாறு இறங்குகிற மாதிரி இருந்தது, காறிக் காறித் துப்பினார். காற்றாலை விளக்குகள் எரிந்தன... அணைந்தன. எரியும்போது தடம் சிவப்பாகத் தெரிந்தது. அணையும்போது சத்தம் மட்டும்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். எத்தனை வருடம் படியில் கேட்ட சத்தம்.

கட்டு தளர்ந்து பின்னால் இழுபட்டது. உள்ளே ஏதோ வெதுவெதுப்பாக வழிந்தது. செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். துணி நனைந்த இடத்தில், அலசியும் போகாத கறை ஒன்று பழுப்பாக மேலே வந்திருந்தது. விளிம்பு மட்டும் கரும்பழுப்பு. ஆள் படுத்த அச்சு. துணியின் ஓர மூலையில் ஒரு சின்ன முடிச்சு. பிரித்தார். காய்ந்த புகையிலைத் துணுக்கு.

மருதாள் துணி மூலையில்தான் புகையிலை முடிந்து வைப்பாள்.

அந்த உடம்பிலிருந்து இறங்கியது அத்தனையும் குடித்த துணி... முட்டை வெள்ளையில் ஊறி, தன் தோலோடு தோலாக ஒட்டி, தன் வியர்வையில் கலந்து... சாரதாமணி குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். நகத்தால் கட்டைப் பிய்த்தார். தோலும் சேர்ந்து வந்தது. பிய்த்துப் பிய்த்து அத்தனையையும் தூர எறிந்தார்.

எறிந்த நொடியில் கால் செத்தது.

சேற்றில் குப்புற விழுந்தார். சேலை இடுப்பு வரை ஏறிவிட்டது. இழுத்துவிடக் கை எட்டவில்லை. தன் வாந்தியிலேயே முகம். போன் எங்கோ விழுந்து அணைந்துவிட்டது. “இசக்கி...” என்று கூப்பிட வாயெடுத்தவர், தான் கிடக்கும் கோலத்தை நினைத்து, கூப்பிடாமல் வாயை மூடிக்கொண்டார்.

அப்போது கேட்டது... பின்னாலிருந்து.

தப்...

சர்ர்ர்.

தப்...

சர்ர்ர்.

பக்கத்தில் வந்து நின்றது. வாடை முகத்தை மூடியது. சாரதாமணி கண்ணைத் திறக்கவில்லை. ஒரு கை, தடித்த, சொரசொரப்பான கை, அவரை மெல்ல மல்லாத்தி, சேலையைப் பிடித்துத் தொடைக்குக் கீழே இழுத்துவிட்டது. நிதானமாக. பிறகு எதையோ விரித்துக் காலின் மேல் போட்டு, இரண்டு ஓரத்தையும் அடியில் செருகியது.

அந்தக் கை புதிதில்லை.

ஆடி மாதம், பாத்ரூமில் விழுந்து கிடந்தபோதும் இந்தக் கைதான் வந்தது. அன்று அவர் உடம்பில் துணியே இல்லை. வலியில் எல்லாம் அங்கேயே ஆகிவிட்டிருந்தது. அலறல் கேட்டு ஆண்கள் படியேறி வரும் சத்தம். அவர்களுக்கு முன்னால், மேலே வரவே கூடாது என்று சொல்லப்பட்ட மருதாள், வழியிலேயே கட்டிங் மேஜையிலிருந்து ஒரு புதுத் துணியை உருவி, அந்தக் காலை இழுத்துக்கொண்டு ஏறி வந்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, கழுத்திலிருந்து பாதம் வரை போர்த்தி, இரண்டு ஓரத்தையும் அடியில் செருகினாள். “கண்ணத் தொறக்காதீங்கம்மா. ஒண்ணும் தெரியாதுங்க” என்றாள். ஆண்கள் தூக்கும்போது ஒன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நினைவு வந்ததும் சாரதாமணி முதலில் கேட்டது டெட்டால். “அவ கை பட்டிருச்சு” என்றார். அது மருதாள் காதுக்கும் போயிருக்கும்.

டார்ச் வெளிச்சம் வந்தது. இசக்கிமுத்துவும் விஜயராணியும் ஓடி வந்தார்கள். தடத்தில் வேறு யாரும் இல்லை. சாரதாமணி மல்லாந்து படுத்திருந்தார். எறிந்த துணி அத்தனையும் மடிப்பில்லாமல் விரிந்து, இடுப்பிலிருந்து பாதம் வரை அவரைப் போர்த்தியிருந்தது.

“யக்கா...” விஜயராணி டார்ச்சைத் துணியின் ஓரத்தில் அடித்தாள். “இத யாரு இப்பிடிச் செருகி வெச்சா?”

சாரதாமணி கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்தார். அந்தத் துணியைத் தன் கையாலேயே எடுத்தார். கர்சீப் இல்லாமல். சேறும் எண்ணெயும் கறையுமாக இருந்ததை ஒவ்வொரு சுற்றாக, குமட்டலை விழுங்கி விழுங்கி, மறுபடி தன் காலில் சுற்றினார். பிறகு எழுந்து காருக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தானே பாத்ரூமுக்குப் போனார். தானே தாழ்ப்பாள் போட்டார். டக் என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டு, வெளியே விஜயராணி அழுதுவிட்டாள்.

ஆனால் கட்டை அவர் அவிழ்க்கவில்லை. ஆத்தப்பன் போன் செய்து, “போதுமுங்க, எடுத்துப் போட்டுருங்க” என்றும் எடுக்கவில்லை. எடுத்தால் கால் போய்விடும் என்று தெரியும். சித்திரை வெயிலில் அது காய்ந்து, வெடித்து, உள்ளே கசிந்தது. ஈ மொய்த்தது. சோறு இறங்கவில்லை. டெய்லர் பெண்கள் அவர் வரும்போது துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டார்கள். அதையும் அவர் பார்த்தார்.

நடைதான் வந்துவிட்டதே. தப்... சர்ர்ர். தப்... சர்ர்ர். அவர் படியில் இறங்கினால் கீழே தையல் ஓடும் பவர் டேபிளில் பேச்சு நிற்கும். ஒவ்வொரு மிஷினாக ஓய்ந்துவிடும்.

ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்டு, கீர்த்தனா கையில் துணிப் பொம்மையோடு ஓடி வந்தாள். “மருதாச்சி!”

வந்தவள் சாரதாமணியைப் பார்த்து நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டு, பொம்மையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, பின்பக்கமாகவே நடந்து போனாள்.

மறுநாள் ஞாயிறு. கம்பெனி லீவு. உச்சி வெயிலில் தெருவே உறங்கியது. சாரதாமணி தனியாகக் கட்டிங் மேஜைக்குப் போனார். வேஸ்ட் பக்கம் போகவில்லை. புது ரோலை அவிழ்த்து, ஆள் நீளத்துக்கு இரு மடங்கு அளந்து, வெள்ளைத் துணியை ஒட்டு இல்லாமல் வெட்டினார். மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாசலுக்கு வந்ததும் கால் இழுத்தது.

இந்தத் தடவை அவர் மறிக்கவில்லை.

பள்ளத்தோரம் மயானம். சாயத் தண்ணீர் ஓடும் பள்ளம். கரையெல்லாம் நீலச் சேறு, கால் வைத்தால் புதையும். அழுகிய முட்டை மாதிரி அதற்கும் ஒரு நாற்றம். மருதாளைப் புதைத்த இடத்தில் அடையாளம் ஒன்றும் கிடையாது. கால் நின்ற இடத்தில் அவர் நின்றார். மேல் மண்ணில், வெயிலில் வெளுத்த ஒரு சிவப்புத் துண்டின் மூலை நீட்டிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்து கையாலேயே மண்ணைப் பறித்தார். ரொம்ப ஆழமில்லை. ஒரு சாண். பிறகு கட்டை அவிழ்த்தார். கணுக்கால், முழங்கால், தொடை. ஒவ்வொரு சுற்றுக்கும் கால் கனத்துக்கொண்டே வந்தது. நிறுத்தலாமா என்று ஒரு கணம் கை தயங்கியது... நிர்மலாவிடம் அதை அவரே சொன்னார். நிறுத்தவில்லை. அவளுடைய துணியை அவளுக்கே கொடுத்து, அதன் மேல் புதுத் துணியை விரித்தார். இரண்டு ஓரத்தையும் அடியில் செருகினார். மண்ணைத் தள்ளி மூடினார்.

“குளிராது சாமி” என்றார். அந்தக் குழந்தையிடம் அன்று சொல்லாத பதில்.

தவழ்ந்துதான் வீடு போக வேண்டும் என்று தெரிந்தேதான் வந்திருந்தார். இந்த நீலச் சேற்றில், நாலு காலில், எல்லோரும் பார்க்கும்படி. அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டு, கையை ஊன்றினார்.

எழுந்து நின்றுவிட்டார்.

நடந்தார். இழுப்பு இல்லை. சத்தம் இல்லை. தெருவில் ஒரு நாய்கூடத் தலை தூக்கவில்லை. அவர் போனதையும் வந்ததையும் யாரும் பார்க்கவில்லை.

வீட்டுப் பின்கட்டில் குழாயைத் திறந்து கால் கழுவக் குனிந்தார். வலது பாதத்தில் கணுக்காலுக்கு மேல் வரை நீலச் சேறு. நகக் கண்ணெல்லாம் நீலம்.

இடது பாதத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அடியில்கூட இல்லை. கழுவித் துடைத்து வைத்த மாதிரி உலர்ந்திருந்தது... கணுக்காலில் மட்டும், தாங்கிப் பிடித்து நடத்தி வந்த மாதிரி, நான்கு விரல் அகலத்துக்கு வெதுவெதுப்பாக இருந்தது.